ஐம்பதாவது நாள் படுத்த இணைப்பு

மண்டூரான்:
குருமண்வெளிக் கடைக்கும் மண்டூர் நெல் ஆலைக்கும் இடையே, வாவிக்கு மேலால் போகும் வயர்லெஸ் இணைப்பு. பெட்டிக்குள் லினக்ஸ், வயர்லெஸை இயக்கும் டிரைவர் நான் எழுதியது. இணைப்பு படுத்துவிட்டதென்று வாவி கடக்கும் பாதைப் படகில் ஏறினேன். நடு வாவியில் ஆலைக்காரரின் கோல்: "தம்பி, மினக்கெட்டு வராத. வயரைப் பிடுங்கிக் கொழுவினன், வேலை செய்யுது." தலையில் கை வைத்துவிட்டேன். தடயம் எல்லாம் போச்சு.

பிறகுதான் பிடிபட்டது. மில்லி விநாடி எண்ணும் 32 பிட் எண்ணி (கவுண்டர்), 49 நாள் 17 மணியில் பூச்சியத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு பக்கெட்டிலும் (தரவுப் பொதி) அந்த எண்ணிதான் நேரமுத்திரை. 'வந்த நேரமுத்திரை முந்தியதைவிடச் சிறிதென்றால் பழைய பக்கெட், எறி' என்று எழுதியிருந்தேன். சுழன்ற பிறகு வந்ததெல்லாம் பழையதாம். 2022 கரண்ட் வெட்டில் பெட்டி அத்தனை நாள் ஓடியதே இல்லை. ஆலைக்காரர் இன்வெர்ட்டர் பூட்டினார், மாட்டிக்கொண்டேன்.

அக்கரைப்பற்றுக்காரன்:
கரண்ட் வெட்டை ஏன் அண்ணன் இழுக்கிறீங்கள்? லினக்ஸின் மையமான கர்னல் வைத்திருக்கும் நேர எண்ணி ஜிஃபீஸ், பூட் ஆகி 5 நிமிடத்தில் சுழலும்படி வேண்டுமென்றே தொடங்குகிறது. இந்த மாதிரிப் பிழை மேசையிலேயே மாட்டத்தான். சொந்த எண்ணி வைத்தது உங்கள் வினை. அதையும் சுழல்வதற்கு 5 நிமிடம் முன்னாலிருந்து தொடங்குங்கள். இரண்டு முத்திரையை நேராக ஒப்பிடாதீங்கள். கழித்து, விடையைக் குறியுள்ள (+/−) 32 பிட்டாகப் பாருங்கள், மைனஸ் என்றால்தான் பழையது. சுவர்மணி நேரத்தை, அதாவது கணினி காட்டும் நாள்-மணியை, தொடவே வேண்டாம். வலைவழி மணி திருத்தும் என்டிபி அதைப் பின்னுக்கு இழுத்தால், இணைப்பைச் சோதிக்கும் பிங் கூட 'நேரம் பின்னால் போகுது' என்று புலம்பும்.

என் கதை சின்னது. ஒரே ரவுட்டருக்குப் பின்னால் 12 கணினிகள், சேர்வரில் டிடபிள்யூ ரீசைக்கிள் (முடிந்த டிசிபி இணைப்புகளைச் சீக்கிரம் கழிக்கும் கர்னல் அமைப்பு) போட்டிருந்தது. ஒரு கணினிக்கு இணைப்பு கிடைக்கும், பக்கத்துக் கணினிக்குக் கிடைக்காது. பக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பில், இணைப்பைக் கேட்கும் முதல் பக்கெட்டான சின் வருவது தெரிகிறது, பதில் மட்டும் இல்லை. எல்லாருக்கும் ஒரே முகவரி, முத்திரை ஆளுக்கொன்று. சேர்வர் 'பழையது' என்று எறிந்திருக்கிறது.

வாவிக்கரை:
அந்த ரீசைக்கிளை 2017இலேயே, கர்னல் 4.12இல் தூக்கிவிட்டார்கள். இன்னும் எந்தக் காலத்துக் கர்னல்?
'பழைய நேரம்' என்றதும் வேறு ஞாபகம். 2006 வரை எங்கள் பக்கம் ஒரு நேரம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் புலிகளின் பகுதியில் அரை மணி பிந்திய நேரம். கலியாணத்துக்குக் கூட எந்த நேரம் என்று கேட்டுத்தான் போவோம்.

மண்டூரான்:
தம்பி, கழித்துப் பார்ப்பதை அன்றே போட்டாச்சு. எண்ணியின் தொடக்கத்தை மாற்ற மறந்துவிட்டேன். இன்று 47ஆவது நாள். ஆலைக்காரரிடம் வயரில் கை வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.