ஏஐ காவடி வீடியோ: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

மலைக்கோவில் பக்கம்:
தைப்பூச அழைப்புக்கு ஒரு கிளிப் செய்து தரச் சொன்னார்கள் சங்கத்தில். இங்கே மொரிஷியஸில் உள்ள கோர் த கார்ட் மலையடிவாரம், ரோஜா நிற உடையில் காவடி எடுப்பவர் என்று ஏஐ கருவிக்கு ப்ராம்ப்ட் (என்ன வேண்டும் என்று சொல்லும் வரி) எழுதினேன். வந்தது மலேசியாவின் பத்துமலை! பின்னால் அந்த 42.7 மீட்டர் தங்க முருகன். "பத்துமலை வேண்டாம், பெரிய சிலை வேண்டாம்" என்று சேர்த்தால் இப்போது இரண்டு சிலை. அதைக்கூட விடுங்கள். காவடியின் முனையில் கட்டிய பால் சொம்பு, அவர் திரும்பும்போது தோளுக்குள் புதைந்து போனது. பால் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "பால் திரியாமல் கோவிலுக்குப் போய்ச் சேரணும்டா, இது என்ன கூத்து?" என்று எழுந்து போய்விட்டார்.

ரோஸ் ஹில்காரன்:
சிலை இரண்டாகாமல் என்ன செய்யும்? வேண்டாம் என்று எழுதினாலும் அந்தப் பெயரைத்தான் அது பிடித்துக்கொள்ளும். சில கருவிகளில் வேண்டாதவற்றுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அதில் "வேண்டாம்" என்றுகூடச் சொல்லாமல் வெறும் பெயரைப் போட வேண்டும். பெட்டி இல்லையா, வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: பின்னால் பச்சை மலைச்சரிவு, காலை வெயில். அப்புறம், காவடி என்று மொட்டையாக விடாதீர்கள். மரவளைவு, தென்னங்குருத்து, பூ, இரு முனையிலும் பித்தளைச் சொம்பு என்று, காவடியே பார்க்காதவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். எட்டு விநாடிக்குள் நடக்கவும் திரும்பவும் கும்பிடவும் சொன்னால் சொம்பு எங்கே நிற்கும்? ஒரு ஷாட்டுக்கு ஓர் அசைவு, கேமராவுக்கும் ஒன்றே. எல்லாவற்றையும்விட நல்லது, நீங்கள் எடுத்த போட்டோவையே முதல் ஃப்ரேமாக, அதாவது வீடியோ தொடங்கும் படமாக, கொடுத்து அசைவை மட்டும் எழுதுவது. என் கதையா? அலை கேட்டேன், கடல் பின்னோக்கிப் போனது.

போர்ட் லூயிஸ் வாசி:
போட்டோ கொடுத்தால் சரியாகிவிடும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் கோபுரத்தை நானே எடுத்துக் கொடுத்து, "கேமரா மெல்ல மேலே போகிறது" என்று மட்டும் எழுதினேன். மேல் நிலையில் இருந்த துவாரபாலகர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்! பக்கத்துப் பொம்மைகள் கைதட்டத் தொடங்கின. நடுராத்திரி, வீட்டில் வேறு யாரும் இல்லை. "கோபுரமும் சிலைகளும் அசையாமல் நிற்கின்றன, மேகம் மட்டும் நகர்கிறது" என்று எழுதிய பிறகுதான் அடங்கினார்கள். இப்போதும் அந்தப் பக்கம் போனால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மலைக்கோவில் பக்கம்:
போட்டோ இருக்கிறது, ஆனால் அதில் அலகு குத்தியவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவரைக் கேட்காமல் எப்படிப் போடுவது?

ரோஸ் ஹில்காரன்:
முதுகுப் பக்கம் எடுத்தது இல்லையா?