நாக்குப் புற்று கழுத்துக்குப் பரவுவதில் மைக்ரோ ஆர்.என்.ஏவின் பங்கு என்ன?

கேள்வி (குலசேகரம் வாசகர்):

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியான என் பெரியப்பாவுக்கு, விடியுமுன் தோட்டத்துக்குப் புறப்படும்போதே புகையிலை சேர்த்து முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போடும் பழக்கம் உண்டு. நாக்கின் ஓரத்தில் ஆறாமலிருந்த புண் புற்று என்று திசுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. கட்டி சிறியதுதான். கழுத்தில் நெறி எதுவும் தொட்டாலும் தெரியவில்லை, ஸ்கேனிலும் தெரியவில்லை. ஆயினும் கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். புற்று பரவுவதில் மைக்ரோ ஆர்.என்.ஏக்களுக்குப் பெரும்பங்கு உண்டென்றும், அவற்றை உமிழ்நீரிலேயே அளக்கலாமென்றும் படித்தேன். அந்தச் சோதனையைச் செய்து கழுத்து அறுவையைத் தவிர்க்க முடியுமா? பெரியப்பா அதற்கு மிகவும் அஞ்சுகிறார்.

பதில் 1 (ஆய்வு மாணவி, நாகர்கோவில்):

நீங்கள் படித்ததில் பாதி சரி. மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது ஏறத்தாழ 22 மரபு எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ இழை. அது எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை; புரதம் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏவின் மீது ஒட்டி, அந்த வேலையைத் தடுக்கிறது. 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.

பரவலை விளக்க உங்கள் வீட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். ஆசிட் சேர்த்து உறைந்த ரப்பர் பால் ஷீட்டாக ஒட்டி நிற்கிறது. உறையாத பாலோ வழிந்தோடுகிறது. வாயின் மேல்தோல் செல்களை ஷீட்டைப் போல ஒட்டவைப்பது ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். அதை அடக்கிவிடும் ஸெப்-1, ஸெப்-2 என்னும் புரதங்களை மிர்-200 (‘மிர்’ என்பது மைக்ரோ ஆர்.என்.ஏவின் சுருக்கம்) குடும்பம் கட்டுக்குள் வைத்திருக்கிறது. மிர்-200 குறைந்தால் அவை தலைதூக்குகின்றன. செல்கள் பிடி விட்டு நகரத் தொடங்குகின்றன. செல் நகர உதவும் ரோ-சி புரதத்தை அடக்கும் மிர்-138, நாக்குப் புற்றில் குறைவதும் பதிவாகியிருக்கிறது. மிர்-21 இதற்கு நேர்மாறானது: வாய்ப் புற்றில் அது மிகுந்து, சுற்றுத் திசுவை அரிக்கும் நொதிகளுக்குத் தடையாக நிற்கும் ரெக் என்ற புரதத்தைக் குறைக்கிறது.

பதில் 2 (வாய்நோயியல் ஆசிரியர், மார்த்தாண்டம்):

தம்பி, அறிவியல் விளக்கத்தில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அதை வைத்து அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மிர்-21 சாதாரண அழற்சியிலும் மிகும். மிர்-31 புற்றாகாத வெண்படலத்திலும் மிகும். உமிழ்நீர் வாயின் நிலையைச் சொல்லலாம். கழுத்துக் கணுவுக்குள் ஸ்கேனிலும் சிக்காத சில செல்கள் ஒளிந்திருக்கின்றனவா என்பதை அது சொல்லாது. இத்தகைய தொடக்கநிலை வாய்ப் புற்றில் கணுக்களை முதலிலேயே அகற்றியவர்களையும், பின்னர் நெறி தோன்றியபோது அகற்றியவர்களையும் மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டது. மூன்றாண்டுகளில் உயிர்பிழைத்திருந்தோர் முன்னவரில் 80 விழுக்காடு, பின்னவரில் 67.5 விழுக்காடு. பெரியப்பாவிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் தோளைத் தூக்குவது சிலருக்குச் சிரமமாகலாம் என்பதையும், அதற்குப் பயிற்சி உண்டு என்பதையும் மறைக்காமல் கூறுங்கள். அச்சம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

குலசேகரம் வாசகர்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. இன்று மாலையே அவரிடம் பேசுகிறேன். பெரியம்மாவும் முறுக்கான் போடுபவர்; அவருக்காவது உமிழ்நீர்ச் சோதனை பயன்படுமா?

பதில் 2 (தொடர்ச்சி):

அவருக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும். நம் எல்லையை ஒட்டிய திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. முறுக்கானை அவர் எந்தக் கன்னத்தில் அடக்கிவைப்பாரோ அந்தப் பக்கத்தையும், நாக்கின் ஓரங்களையும், நாக்கின் அடியையும் பல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம் இருந்தாலும், வாய் முன்புபோல் அகலத் திறக்கவில்லையென்றாலும், பெரியப்பாவை அழைத்துச் செல்லும் நாளிலேயே அவரையும் கூட்டிச்செல்லுங்கள்.