டங்ஸ்டன் குண்டு கையில இருந்தும் ஜெர்மன்காரன் ரஷ்யாவோட டி-34 டேங்க் கிட்ட ஏன் திணறினான்?

காட்பாடி_பையன்:
வணக்கம்பா, ரெண்டு வாரமா ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் டேங்க் எதிர்ப்பு பீரங்கி பத்தியே படிச்சிகினு கீறேன். 3.7 செ.மீ. பேக் 36-க்கு அவங்க சோல்ஜருங்களே "கதவு தட்டுறது"ன்னு பேரு வெச்சாங்களாம், குண்டு டேங்க்ல பட்டா சத்தம் தான் வரும், ஓட்டை விழாதுன்னு. ஆனா அதே பீரங்கிக்கு பான்சர்கிரனாட் 40-னு டங்ஸ்டன் குண்டும் இருந்திருக்கு, கிட்டத்துல சாதா குண்டை விட ரொம்ப ஆழமா துளைக்குது. அப்போ எல்லாத்துக்கும் அதையே குடுத்திருக்கலாமே, இன்னா தடை?

லேத்_ராணிப்பேட்டை:
தம்பி, நான் சிப்காட்ல லேத் ஓட்றவன், கார்பைடு டிப் தான் எனக்கு சோறு போடுது. இரும்பை வெண்ணெய் மாதிரி சீவும், ஆனா ஜாப்ல சைடுல ஒரு இடி இடிச்சா பட்டுனு உடைஞ்சிடும். அந்த குண்டு நடுவுல இருக்கறதும் அதே டங்ஸ்டன் கார்பைடு தான், நம்மூர்ல போர்வெல் போடற பிட்ல பட்டன் பட்டனா இருக்குமே, அந்த சரக்கு. நேரா பட்டா உள்ள போவும், சாய்வுல பட்டா உடைய வாய்ப்பு அதிகம். டி-34 முன்தகடு 45 மி.மீ. தான், ஆனா செங்குத்துல இருந்து 60 டிகிரி சாய்ச்சி வெச்சதால நேர்கோட்ல அளந்தா 90 மி.மீ. வருது. அது இல்லாம குண்டு வெயிட் கம்மி, செகண்டுக்கு 1000 மீட்டர் வேகத்துல கெளம்பினாலும் காத்துலயே வேகம் கொறைஞ்சிடும், தூரம் போகப் போக சாதா குண்டுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது.

அரக்கோணம்_வாசகன்:
அண்ணன் சொன்னது சரி, அதோட சரக்கே கெடைக்கல. டங்ஸ்டன் தாது போர்ச்சுகல், ஸ்பெயின்ல இருந்து வரணும், ஃபேக்டரி மெஷின் டூலுக்கும் அதே தான் வேணும், 1944 ஜூன்ல போர்ச்சுகல் ஏற்றுமதியையே நிறுத்திடுச்சு. அதனால பாதி சண்டைக்கு மேல இழுத்தது பான்சர்கிரனாட் 39-ங்கற டங்ஸ்டன் இல்லாத இரும்பு குண்டு தான். என்னைக் கேட்டா உண்மையான நல்ல குண்டு அது தான். மூக்குல மெத்துன்னு ஒரு இரும்பு தொப்பி, அது முதல் அடியை வாங்கிக்கும், முனை நொறுங்காது. காத்தை கிழிக்க மேல இன்னொரு மெல்லிசு கூம்பு. உள்ள கொஞ்சம் வெடிமருந்து, தகட்டைத் தாண்டின பிறகு தான் வெடிக்கும். பேக் 40-னு பெரிய 7.5 செ.மீ. பீரங்கில இது 6.8 கிலோ, செகண்டுக்கு ஏறத்தாழ 790 மீட்டர். டங்ஸ்டன் குண்டுல வெடிமருந்தே கெடையாது, ஓட்டை போட்டாலும் உள்ள சேதம் கம்மியா தான் இருக்கும்.

காட்பாடி_பையன்:
அப்போ பேக் 40 கெடைக்காம 37 எம்எம் வெச்சிகினு நின்னவன் இன்னா பண்ணான்?

கம்மவான்பேட்டை_எக்ஸ்மிலிட்டரி:
அவனுக்கு 1942-ல ஷ்டீல்கிரனாட்னு ஒண்ணு குடுத்தாங்க தம்பி. 8 கிலோவுக்கு மேல வெயிட்டு, பீரங்கி வாயில வெளிய இருந்து சொருகணும், அடியில வெத்து தோட்டா போட்டு சுடணும். ஏறத்தாழ 180 மி.மீ. துளைக்கும், எந்த டேங்கும் தாங்காது, ஆனா 300 மீட்டருக்குள்ள வரவிட்டு தான் சுடணும். நான் பீரங்கிப்படையில இருந்தவன், சொல்றேன் கேளு, டேங்க் வந்துகினு இருக்கும்போது கவசத்தகட்டு மறைப்பை விட்டு வாய்ப்பக்கம் போயி அதை மாட்டறதுக்கு எவ்ளோ நெஞ்சுரம் வேணும்னு யோசிச்சிப் பாரு. ஒரு தரம் சுட்டுட்டா அடுத்ததை மாட்ட திரும்ப முன்னாடி போவணும்.

லேத்_ராணிப்பேட்டை:
ஐயா, வேகமே இல்லாத குண்டு அவ்ளோ துளைச்சது எப்படி?

கம்மவான்பேட்டை_எக்ஸ்மிலிட்டரி:
வேகம் தேவையே இல்லப்பா. உள்ள வெடிமருந்துல கூம்பு மாதிரி குழி இருக்கும், உலோகத் தகடு பூசினது. வெடிச்சா அந்த உலோகம் ஊசி மாதிரி பீய்ச்சி அடிக்கும், அது தான் துளைக்கறது. பீரங்கிக்குழல்ல சுத்திகினு போற குண்டுல அந்த ஊசி சிதறிடும். இதுக்கு வால்ல சிறகு வெச்சதால சுத்தாம நேரா போச்சு.