புதுப்பிப்பு: மல்லேஸ்வரத்தில் நாலு நாள் தனியாகத் தங்கினேன்

பெங்களூரு மல்லேஸ்வரத்துல தனியா தங்கலாமா, ராத்திரி ஒன்பதுக்கு மேல உள் தெருக்கள் எப்படி இருக்கும்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பத்திரமா வந்துட்டேன்.

ரொம்பக் கைகொடுத்தது, கதவடியில செருகற ரப்பர் ஆப்புதான். அறைத் தாழ்ப்பாள் திருகாணி கழண்டு ஆடிக்கிட்டு இருந்தது; ஆப்பைச் செருகின பிறகுதான் தூக்கமே வந்தது. ராத்திரி சம்பிகே ரோடு வழியாவே அறைக்குத் திரும்பச் சொல்லி நீங்க சொன்னதும் சரி, அந்தத் தெருவுல கடை வெளிச்சம் இருக்கு.

எதிர்பார்க்காதது நாய்கள். உள் தெருவுல மரக்கிளை தெருவிளக்கை மறைக்குது. நாலு நாய் படுத்திருந்தது கண்ணுலயே படல. குரைச்சதும் ஓடாம அப்படியே நின்னேன். பூக்கார அம்மா, “அடுத்த கிராஸ்ல போம்மா”ன்னு (கிராஸ்னா குறுக்குத் தெரு) தமிழ்லயே சொன்னாங்க. அதுக்கப்புறம் இருட்டினா வாசல் வரைக்கும் ஆட்டோதான். அவசர உதவிக்கான 112, பெண்களுக்கான உதவி எண் 181 ரெண்டையும் போன்ல பதிஞ்சு வச்சிருந்தேன்; தேவைப்படல.