மறு: எஃப்சிசி-ஹூக்: 'இருப்பு நகல் கொக்கி'?

> 'அனுப்பு கொக்கி' போதுமே. மெயில் அனுப்பும்போதுதானே வேலை செய்கிறது?

அண்ணா, மட் (Mutt) மெயில் நிரலின் உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும்போது, 'அனுப்பு கொக்கி' என்ற பெயரை சென்ட்-ஹூக் (send-hook) கட்டளைக்கு விட்டுவைக்க வேண்டும். யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து, அனுப்புநர் முகவரியையோ கையொப்பத்தையோ மாற்றுவது அதன் வேலை. எஃப்சிசி-ஹூக் (fcc-hook) போகிற மெயிலைத் தொடுவதே இல்லை. நம்மிடம் தங்கும் நகல் எந்த அடைவில் விழ வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் உதவிப் பக்கம் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்தானுங்க.

எஃப்சிசி என்பதில் இருக்கிற 'சிசி' பழைய கார்பன் காப்பிதான். திருப்பூர் கம்பெனிகளில் 'ஆபீஸ் காப்பி' என்று ஃபைலில் போட்டு வைப்பார்களே, அதே சங்கதி. அதனால்தான் 'இருப்பு நகல்' என்கிறேன். 'இருப்புப்படி' இன்னும் அழகு, ஆனால் பஞ்சப்படி, பயணப்படி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

> கொக்கி எதற்கு? 'விதி' என்றே சொல்லலாமே.

விதி என்றதும் வருகிற மெயிலைப் பிரிக்கும் வடிகட்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கொக்கி இருக்கட்டும். சிறுமுகைப் பக்கம் ஜக்கார்டு தறி பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்: அட்டையில் துளை விழுந்த இடத்துக் கொக்கி மட்டும் எழுந்து இழையைத் தூக்கும், மற்றவை சும்மா கிடக்கும். மட் நிரலிலும் பெறுநர் முகவரி நாம் எழுதிய வடிவத்தோடு பொருந்தினால்தான் கொக்கி வேலை செய்யும்.

ஒரு வேறுபாடு உண்டு, அதை உதவிப் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். தறியில் பல கொக்கிகள் ஒன்றாக எழும். எஃப்சிசி-ஹூக்கில் மேலிருந்து முதலில் பொருந்தும் வரி ஒன்றுதான் செல்லுபடியாகும். எல்லாருக்கும் பொருந்தும் ஒற்றைப் புள்ளியை (.) வடிவமாகக் கொண்ட வரியை மேலே எழுதிவிட்டால் கீழே இருப்பதெல்லாம் வீண், அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். எதுவுமே பொருந்தாவிட்டால் நகல் 'ரெக்கார்ட்' (record) என்ற அமைப்பு மாறி காட்டும் இடத்துக்குப் போகும். அதை 'பொது இருப்பு' எனலாம். அனுப்புவதற்கு முன் வரும் திரையில் எஃப் விசையைத் தட்டி அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் கூடவே ஒரு வரி சேர்த்துவிடுவோம்.

ஒரு மெயிலைச் சேமிக்கும்போது எந்த அடைவு என்று சொல்லும் சேவ்-ஹூக் (save-hook) 'சேமிப்புக் கொக்கி'. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் எஃப்சிசி-சேவ்-ஹூக்குக்கு 'இரட்டைக் கொக்கி' என்பது என் யோசனை. முழுசாக மொழிபெயர்த்தால் ஒரு வரி நீளம் வருகிறது. கட்டமைப்புக் கோப்பில் எழுதும் கட்டளைகள் அப்படியே இருக்கும், இந்தப் பெயர்கள் உதவிப் பக்கத்துக்கு மட்டும். மறுப்பு இருந்தால் சொல்லுங்க, இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.