பழைய அரசுக் குடியிருப்பை இடிக்காமல் காப்பாற்ற முடியுமா? பணம் எங்கிருந்து வரும்?

மூன்றாம் மாடி:

நாங்கள் இருப்பது அரசு கட்டி வாடகைக்கு விட்ட அடுக்குமாடி, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள். போன மாதம் அதிகாரிகள் கூட்டம் போட்டு, கட்டடம் பலவீனமாகிவிட்டது, இடித்துவிட்டு பாதி நிலத்தைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தால் மீதியில் அவர்களே புது வீடு கட்டித் தருவார்கள் என்றார்கள். பழுதுபார்க்கக் கூடாதா என்று கேட்டால் நிதி இல்லை, அவ்வளவுதான் பதில்.

கட்டடம் நன்றாக இருக்கிறது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. எங்கள் அடுப்படிக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, மழை பெய்தால் பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டுகிறது. ஆனால் வெளியே போனால் திரும்பி வருவோமா என்ற பயத்தில் பக்கத்து வீட்டு அம்மா சரியாகத் தூங்குவதே இல்லை. மற்ற நாடுகளில் இதற்கு என்ன செய்தார்கள்?

கட்டடப் பொறியாளர்:

கம்பி தெரிகிறது என்பதை மட்டும் வைத்து கட்டடம் போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து, துரு ஏற ஏறக் கம்பி பருத்து, அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது, உங்கள் அடுப்படியில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மேலே கசிவை அடைத்துவிட்டு, தளர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துப் பூசலாம். மேலே அடைக்காமல் கீழே மட்டும் பூசினால் அடுத்த மழைக்கே விழுந்துவிடும், ஒப்பந்தக்காரர்கள் பல இடங்களில் செய்வது அதைத்தான். முக்கியமானது தூணும் அஸ்திவாரமும். கான்கிரீட் மாதிரி எடுத்துச் சோதித்த அறிக்கை இருக்கிறதா, அதை யார் கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இடித்தால் லாபம் பார்க்கப்போகிறவர் கொடுத்த அறிக்கை என்றால் வேறு ஒருவரை வைத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

கணக்கன்:

நிதி இல்லை என்பதற்கு வருகிறேன். அரசுக் குடியிருப்புகள் பாழாவதற்கு முதல் காரணம், கட்டும்போது பணம் ஒதுக்குகிறார்கள், காப்பதற்கு ஒதுக்குவதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 33 கட்டடங்கள் கொண்ட புரூயிட்–ஐகோ குடியிருப்பு அப்படித்தான் போனது. கட்டியது மத்திய அரசுப் பணத்தில், பராமரிப்புச் செலவோ வாடகையிலிருந்து வர வேண்டும் என்று ஏற்பாடு. ஆட்கள் குறைய வாடகை வரவு குறைந்தது, வரவு குறையப் பழுது கூடியது, பழுது கூட இன்னும் பேர் வெளியேறினார்கள். 1950களில் கட்டியதை 1972இல் இடிக்கத் தொடங்கி 1976க்குள் முடித்துவிட்டார்கள். ஏழைகளுக்கு வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாது என்று அதைக் காட்டிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

மாற்று வழி இருக்கிறது. டென்மார்க்கில் கட்டடத்துக்கு வாங்கிய கடன் அடைந்த பிறகும் வாடகையைக் குறைப்பதில்லை, முன்பு கடன் தவணைக்குப் போன தொகையில் பெரும்பகுதி 1967இல் தொடங்கிய ஒரு தேசிய நிதிக்குப் போகிறது. எந்தக் குடியிருப்புக்குக் கூரை மாற்ற வேண்டும், குழாய் மாற்ற வேண்டும் என்றாலும் அதிலிருந்து எடுக்கிறார்கள். பழைய வீடு புது வீட்டைத் தாங்குகிறது. ஆஸ்திரியாவில் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை, தொழிலாளி பாதி முதலாளி பாதி, வீட்டுவசதிப் பங்களிப்பு என்ற பெயரில் பிடிக்கிறார்கள். பிரான்ஸில் மக்கள் போடும் ஒரு வகைச் சிறுசேமிப்பின் பெரும்பகுதியை அரசு நிதி நிறுவனம் சேர்த்து, 40 ஆண்டு அளவுக்கு நீண்ட தவணையில் இதற்குக் கடனாகக் கொடுக்கிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், அந்தச் சட்டியை வேறு செலவுக்குத் தொட முடியாதபடி சட்டம் போட்டு வைக்க வேண்டும்.

தெருமுனை:

நிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகராட்சி 2006இல் தன்னிடமிருந்த சுமார் 48,000 வீடுகளையும் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று, கடனை அடைத்துவிட்டோம் என்றது. 2017இல் வாடகை வீடுகளுக்கென்று புது நகராட்சி நிறுவனத்தைத் தொடங்கி மறுபடி கட்ட வேண்டி வந்தது. பிரிட்டனில் 1980 சட்டத்துக்குப் பிறகு குடியிருப்பவர்களுக்கே தள்ளுபடியில் விற்றார்கள், கேட்க நன்றாக இருக்கும், வாங்கியவர்களுக்கு நல்லதும் நடந்தது. ஆனால் விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டவே இல்லை. அதே வீடுகளில் பல இப்போது தனியாரிடம் வாடகைக்கு நிற்கின்றன, அந்த வாடகைக்கு அரசே உதவித்தொகை கொடுக்கிறது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் இந்த விற்பனையை நிறுத்தியே விட்டன.

பழைய குடி:

இடிக்கவே கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தூண் போயிருந்தால் உயிர்தான் முக்கியம். ஆனால் நான் அனுபவப்பட்டவன். இரண்டு வருடத்தில் திரும்பி வரலாம் என்று எங்களை அனுப்பினார்கள், நான் திரும்பியபோது ஆறு வருடம் ஆகியிருந்தது, எங்கள் மாடியில் இருந்த எட்டுக் குடும்பங்களில் மூன்றுதான் வந்தன. வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. இப்போது எத்தனை வாடகை வீடோ அதே எண்ணிக்கை, அதே வாடகை முறை, குடும்பம் குடும்பமாகப் பெயர்ப் பட்டியல், ஒரு பகுதியைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததை இடிப்பது, இதெல்லாம் கையெழுத்தாகும் வரை யாரும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. பிரான்ஸின் போர்தோவில் 530 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடிகளை இடிக்காமல், வெளிப்பக்கம் ஆழமான பால்கனி சேர்த்து, லிஃப்ட், குழாய் எல்லாம் புதுப்பித்தார்கள், ஆட்கள் உள்ளே குடியிருக்கும்போதே. அதைச் செய்த கட்டடக் கலைஞர்கள் லக்கடோன், வசால் இருவருக்கும் 2021இல் கட்டடக்கலையின் பெரிய உலகப் பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அந்தப் படங்களைக் கூட்டத்தில் காட்டுங்கள்.

மூன்றாம் மாடி:

எல்லோருக்கும் நன்றி. சோதனை அறிக்கையும், கடந்த பத்து வருடத்தில் எங்கள் வாடகை எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு பழுதுக்குப் போனது என்ற கணக்கும் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டோம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, பக்கத்து வீட்டு அம்மாதான் முதல் கையெழுத்து. அதுவரை அடுப்படியை என்ன செய்வது?

கட்டடப் பொறியாளர்:

தொங்குகிற காரையைத் தெரிந்த கொத்தனாரை வைத்துத் தட்டி எடுத்துவிடுங்கள், அதற்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம். விரிசல் நீண்டுகொண்டே போகிறதா என்று தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள், கணக்கு கேட்கும்போது அதுவும் பேசும்.