சின்னக் காரியங்களைப் புகழ்வது யாருக்கு வசதி?

கேள்விக்காரன்:
"கொஞ்சத்தில் உண்மையாயிரு" என்று லூக்கா 16:10-ஐ வைத்துப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் இருக்க முடியாது. நாற்காலி அடுக்குவது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது, புதிதாக வந்தவரிடம் நாலு வார்த்தை பேசுவது எல்லாமே தேவனுடைய பார்வையில் பெரிது என்கிறோம். எனக்கு அதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. ஏழை விதவையின் இரண்டு காசைச் சொல்லித்தான் காணிக்கை கேட்கிறோம், ஆனால் மாற்கு 12-ல் அதற்குச் சற்று முன்னால் இருப்பதை வாசிப்பதில்லை. வேதபாரகர், அதாவது யூத மதச் சட்டத்தைப் போதித்தவர்கள், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள் என்று இயேசு கண்டிக்கிறார், கண்டித்த கையோடு ஒரு விதவை வந்து தன் பிழைப்புக்கு இருந்த எல்லாவற்றையும் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் போடுகிறாள், அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே அந்த ஆலயம் கல்லின்மேல் கல் இல்லாமல் இடிக்கப்படும் என்கிறார். அவளிடம் கடைசிக் காசு வரைக்கும் வாங்கிக்கொண்ட அமைப்பைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லையே, ஏன்? சின்னதைப் புகழ்ந்துகொண்டே இருந்தால் பெரிய அநியாயத்தைக் கேட்க வேண்டியதில்லை. அதுதான் வசதி.

எபிநேசர்கல்:
பிரதர், முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் இருப்பதை நீங்கள் தாண்டிப் போகிறீர்கள். பணக்காரர்கள் நிறையப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இயேசு சீஷர்களைக் கூப்பிட்டு, எல்லாரையும்விட இவள்தான் அதிகம் போட்டாள் என்று சொல்கிறார். அவளை ஏமாந்தவள் என்று அவர் சொல்லவில்லை.

இன்னொன்று. சின்னக் காரியம் அநியாயத்தை மறைக்கும் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? 1791-ல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக வில்பர்ஃபோர்ஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் தோற்றது. அதற்குப் பிறகு ஓட்டுரிமையே இல்லாத பெண்கள்கூட, அடிமைகளை வைத்து விளைவித்த சர்க்கரையை வீட்டுக்குள் விடுவதில்லை என்று நிறுத்தினார்கள். ஒரு கோப்பைத் தேநீரில் சர்க்கரை போடாமல் இருப்பதைவிடச் சின்னக் காரியம் என்ன இருக்கிறது? சிறுதுளிதான் பெருவெள்ளம்.

கேள்விக்காரன்:
அண்ணா, இந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அவர்கள் சர்க்கரையை விட்டது பெரிய அநியாயத்தைக் குறிவைத்து, எதற்கு விடுகிறோம் என்று தெரிந்து. அப்படியிருந்தும் வியாபாரத்தைத் தடை செய்ய 1807-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது, அடிமை முறையையே ஒழிக்க 1833-ல் இன்னொன்று. சர்க்கரையை விட்டதோடு திருப்திப்பட்டு உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மத்தேயு 23:23-ஐப் பாருங்கள். சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும்கூட அளந்து தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுத்த வேதபாரகரும் பரிசேயரும் நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள். கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்றே இயேசு அவர்களைச் சொன்னார்.

எபிநேசர்கல்:
அந்த வசனத்தை முடிவு வரைக்கும் வாசியுங்கள். "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்." சீரகத்தை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லையே.

மார்த்தாள்வீடு:
இரண்டு பேரும் பேசுவதை வாசித்துக்கொண்டே இருந்தேன், பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். புரட்டும்போது கீழே இருக்கும் துணியில் ஒரு மடிப்புகூட இருக்கக் கூடாது, விரலால் நீவிப் பார்ப்பேன். தண்ணீரைக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. இது எந்தப் பெருவெள்ளமும் ஆகப்போவதில்லை அண்ணா. நாளைக்கும் அம்மா இப்படித்தான் இருப்பார்கள், ஒருவேளை இன்னும் கொஞ்சம் தளர்ந்து. பெரிதாக வளர்ந்தால்தான் சின்னதற்கு மதிப்பு என்றால் நான் செய்வதற்கு மதிப்பே இல்லை. மத்தேயு 10:42-ல் ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவன் பலனை அடையாமல் போவதில்லை என்று இருக்கிறது, அந்தத் தண்ணீர் ஆறாகப் பெருகியது என்று இல்லை. தாகமாக இருந்தவர் குடித்தார், அவ்வளவுதான். அது போதும் என்றுதான் நான் நம்புகிறேன்.

எபிநேசர்கல்:
சிஸ்டர், நீங்கள் சொல்வதைத்தான் நான் சொல்ல முயன்றேன், பழமொழி வேறு பக்கம் இழுத்துவிட்டது. பிரான்சின் லிசியே நகரத்துக் கன்னியாஸ்திரி தெரேசம்மாள் 24 வயதில் 1897-ல் காலமானவர், வெளியுலகம் அறிய எதையும் செய்யவில்லை. மடத்தில் துணி துவைக்கும்போது எதிரே இருந்த சகோதரி அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்க வைத்துக்கொண்டே இருப்பாராம், பின்வாங்காமல், முகம் சுளிக்காமல் நின்றதை எழுதியிருக்கிறார். அவரைத்தான் 1997-ல் கத்தோலிக்கத் திருச்சபை மறைவல்லுநர், அதாவது திருச்சபை முழுவதற்கும் ஆசிரியர், என்று அறிவித்தது.

கேள்விக்காரன்:
சகோதரி சொன்னதற்கு முன்னால் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. ஆனால் எபிநேசர் அண்ணா, முகம் சுளிக்காமல் நின்றதைப் புகழும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. பொறுத்துக்கொள் என்ற போதனை எப்போதும் ஏற்கெனவே பொறுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் போகிறது. தெரேசம்மாள் தானாக விரும்பி ஏற்றது வேறு, வேறு வழியில்லாதவரிடம் போய் "தேவன் பார்க்கிறார்" என்று சொல்லிவிட்டு நகர்வது வேறு. சகோதரி இராத்திரி பகலாக விழித்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் சபை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது? இதுதான் என் கேள்வி, அன்றும் இன்றும்.

திறந்தவாசல்:
இந்தக் கேள்விக்கு அப்போஸ்தலர் 6-ல் பதில் இருக்கிறதே. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. ஒரு வேளைச் சாப்பாடு, சின்னக் காரியம்தான். பன்னிரண்டு அப்போஸ்தலரும் அந்த விதவைகளிடம் பொறுமையாயிருங்கள் என்று சொல்லவில்லை, சபையைக் கூட்டி ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். பந்தி பார்க்கிற வேலைக்குப் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் வேண்டும் என்று கேட்டதையும் கவனியுங்கள், அந்த ஏழு பேரில் ஒருவர், பிறகு முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான். எனக்கு இதில் கேள்விக்காரனும் ஜெயிக்கிறார், எபிநேசரும் ஜெயிக்கிறார். தோற்பது, ஆள் அனுப்பாமல் வசனம் மட்டும் அனுப்புகிற சபை.

அக்கா, உங்களுக்கு என்ன செய்தால் உதவியாக இருக்கும்? நேராகச் சொல்லுங்கள்.

மார்த்தாள்வீடு:
கேட்டதற்கு நன்றி தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம், புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும், தெரியாவிட்டால் நான் சொல்லிக் கொடுக்கிறேன். நான் ஆராதனைக்குப் போய்ப் பல மாதம் ஆகிறது. இதை எங்கள் சபையில் கேட்கக் கூச்சமாக இருந்தது, இந்த வாரம் கேட்கிறேன்.